ஜன்னலோரம் ஆள் இருக்கு

உட்காருங்கக்கா, உட்காருங்க. பையை எடுத்து மடியில வெச்சுக்கறேன். ஜன்னலோரம் மட்டும் ஆள் இருக்கு. என் பையன் கீழ இறங்கியிருக்கான், துண்டு போட்டு வெச்சிருக்கேன். பழனி பஸ் ஸ்டாண்டுல துண்டு போடலைன்னா அவ்வளவுதான், மொட்டை போட்ட குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்துடும்.

நீங்க எதுவரைக்கும்? பொள்ளாச்சியா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆச்சு. நாங்க பாலக்காடு. காலையில திண்டுக்கல்ல ஏறினது. பையில வெள்ளைச் சேலை தெரியுதே, நர்ஸா நீங்க? நினைச்சேன். உங்க மூஞ்சியிலேயே ஒரு நிதானம் இருக்கு.

அதோ வந்துட்டான். கொஞ்சம் காலை ஒதுக்குங்கக்கா. வா தம்பி, பார்த்து வா. என்ன, கிடைச்சுதா?

பார்த்தீங்களா, சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுறான். விபூதிப் பொட்டலம். பஸ் நின்னதும் நிக்காததுமா, விபூதி வாங்கணும்மானு குதிச்சு ஓடினான். யாரோ கூட்டாளிப் பையன் மலையிலேர்ந்து கொண்டுவந்து வெச்சிருந்தானாம். நெத்தியில வைடான்னா, குளிச்சிட்டுத்தான் வெப்பேங்கிறான். இந்த வயசுல எந்தப் பையனுக்குக்கா இவ்வளவு பக்தி வரும்?

சுதாகர்னு பேரு. பிளஸ் டூ முடிச்சிருக்கணும், ரெண்டு பரீட்சை எழுதாம விட்டுட்டான். எழுத விடலை. யாருன்னு சொல்றேன். அவன் பாட்டுக்குத் துண்டை மூஞ்சியில போட்டுக்கட்டும், நாம பேசுவோம். தூங்கலை அவன். கால் ஆடிக்கிட்டே இருக்கு பாருங்க.

என்ன தம்பி? எப்ப நிக்குமா? இப்பத்தானேடா கிளம்பியிருக்கு. உடுமலைக்கு முன்னாடி டீக்கு நிறுத்துவாங்க. பொறு.

இவங்க அப்பா மஸ்கட்ல இருக்கார்க்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவார். இவனை வளர்த்ததெல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லலை, ஊருல எவளை வேணாலும் கேளுங்க. ஊரே ஸ்டெப் கட்டிங் வெச்சுக்கிட்டுக் காதை மூடிக்கிட்டுத் திரிஞ்சப்ப, என் பையன் எண்ணெய் வெச்சு வகிடு எடுத்துச் சீவிட்டுப் போனான். ஊரே தொளதொளனு பேண்டைப் போட்டுக்கிட்டுத் தெருவைக் கூட்டினப்ப, என் பையன் அளவாத் தைச்சுப் போட்டான். சித்திரை வெயில்லகூட முழுக்கைச் சட்டைதான், மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கிட்டு. ஆபீசர் மாதிரி இருக்கான்னு ஹெட்மாஸ்டரே சொல்வார். ஏறிட்டு நம்ம கண்ணைப் பார்க்க மாட்டான். அவ்வளவு மரியாதை.

அவன் கூடப் படிச்சவன் ஒருத்தன், ஜெகன். ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்புலேர்ந்து ஒண்ணாத் திரிஞ்சவங்க. அவன் அம்மா பஞ்சவர்ணம், நூல் மில்லுக்குப் போறவ. புருஷன் கிடையாது. பாவமேன்னு நான்தான் அந்தப் பையனை வீட்டுக்குள்ள விட்டு, தீபாவளிக்குத் துணியெல்லாம் எடுத்துக் குடுத்தேன். என்னை அத்தை அத்தைன்னுதான் கூப்பிடுவான். அவன் தலையை நீங்க பார்க்கணும்! நெத்தியில ஒரு ரிப்பனு, கையில விரலில்லாத உறை, வாயில எந்நேரமும் பபுள்கம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பிரேக் டான்ஸ்னு ஒண்ணு ஆடினான் பாருங்க, எலும்பே இல்லாதவன் மாதிரி. தரையில விழுந்து சுத்தினான். பசங்க விசில் அடிச்சுக் கூரையைப் பிரிச்சுட்டாங்க. என் பையன் மூலையில உட்கார்ந்து தூங்கி வழிஞ்சுக்கிட்டிருந்தான். இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் அவனுக்கு ஆகாது.

அப்பத்தான் இந்தப் பிரவுன் சுகர் போதைப்பொடிப் பேச்சு வந்துச்சு. பேப்பர்ல தினம் போட்டான். மெட்ராஸ்ல காலேஜ் பையன் செத்தான், பம்பாயில செத்தான்னு. நம்ம ஊருக்கு இதெல்லாம் எங்க வரப்போவுதுன்னு இருந்தோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்துல நான் துணைத் தலைவர்க்கா. இவங்க அப்பா பள்ளிக்கூடத்துக்கு நாலு ஃபேன் வாங்கிக் குடுத்தார்ல, அதுக்காகப் போட்டாங்க. அதனால மதுரையிலேர்ந்து டாக்டரைக் கூட்டிட்டு வந்து விழிப்புணர்வுக் கூட்டம் வெச்சப்ப எனக்கு முன்வரிசை.

கூட்டத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு அது என்னன்னே தெரியலை. பக்கத்துல ஒருத்தி, ஏங்க, பிரவுன் சுகர்னா நாட்டுச்சர்க்கரைதானேங்கிறா. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வீட்டுக்குப் போனதும் எதுக்கு வம்புன்னு இருந்த நாட்டுச்சர்க்கரையை எடுத்துச் சாக்கடையில கொட்டிட்டேன். சிரிக்காதீங்க. பெத்த வயிறு அப்படித்தான்.

டாக்டர் திரையில படம் போட்டுக் காட்டினார். ஒரு தட்டுல ஏதேதோ சாமான். கரி பிடிச்ச கரண்டி, மெழுகுவத்தி, ஜிகினாத் தாள், ஒரு எலுமிச்சம்பழம். ஏதோ பூசைக்கு எடுத்து வெச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல நான் எங்க பார்த்தேன்? அவர் "பிள்ளைங்க நடை உடையில திடீர்னு மாற்றம் தெரிஞ்சா கவனிங்க"ன்னாரே, அந்தச் சொல்லு என்னைக் குத்திடுச்சு. திரும்பிப் பார்க்கிறேன், ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஜெகன் நிக்கிறான், தலையில ரிப்பனோட. நடை உடைன்னா இதைவிட என்ன வேணும்?

அந்தக் கூட்டத்தை ஒட்டிக் கட்டுரைப் போட்டி வெச்சாங்க. போதையின் தீமைகள்னு. யாருக்கு முதல் பரிசுன்னு நினைக்கிறீங்க? இவனுக்குத்தான். உள்ளே போனா எப்படி இருக்கும், விட்டா உடம்பு எப்படி முறுக்கும்னு பக்கம் பக்கமா எழுதியிருந்தான். ஹெட்மாஸ்டரே அசந்துபோய், இவ்வளவு எங்கடா படிச்சேன்னார். லைப்ரரியில சார்னான். எவர்சில்வர் டிபன் கேரியர் குடுத்தாங்க. இப்ப அது எங்க போச்சுன்னு தெரியலை. குங்குமச் சிமிழ், வெள்ளித் தட்டு, அதெல்லாம்கூடத்தான் காணோம். அந்த ஜெகன் வந்து போன வீடுதானே. மஸ்கட் டூ இன் ஒன் ரேடியோ மட்டும் பத்திரமா இருக்கு, இவன் ரிப்பேருக்குக் குடுத்திருக்கான். ரொம்ப மாசமாச்சு. ஏதோ பார்ட்டு சிங்கப்பூர்லேர்ந்து வரணுமாம்.

என்ன கேட்டீங்க? சாப்பிடுறானாவா? அதையேன் கேட்கிறீங்க. பாதி உடம்பா ஆயிட்டான். இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

ஹெட்மாஸ்டர் ஒரு நாள் பெஞ்சையெல்லாம் சோதனை போட்டார். நான்தான் போடச் சொன்னேன். இவங்க பெஞ்சுக்கடியில ஜிகினாத் தாள்ல மடிச்ச சின்னப் பொட்டலம். ரெண்டு பேரையும் நிறுத்திட்டு எனக்கு ஆள் அனுப்பிட்டார். நான் போறேன், இவன் நடுங்கிக்கிட்டு நிக்கிறான். யாருதுன்னு கேட்டா, தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஜெகனுதுன்னு சொன்னான். கூட்டாளியைக் காட்டிக்குடுக்க அவனுக்கு எவ்வளவு வேதனையா இருந்திருக்கும்! அந்த ஜெகன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு வார்த்தை பேசலை. இல்லைன்னு சொல்லலை, ஆமான்னும் சொல்லலை. என் பையனையே பார்த்துக்கிட்டு நின்னான். தப்புப் பண்ணலைன்னா வாயைத் திறக்கணுமா இல்லையா?

பரீட்சை நெருங்குது, டி.சி. குடுத்தா பையன் வாழ்க்கை போயிடும்னு ஹெட்மாஸ்டர் இழுத்தார். நான் பிடிச்ச பிடியில நின்னேன். ஒண்ணு அந்தப் பையன் இருக்கணும், இல்லை நாங்க இருக்கணும்னுட்டேன். பஞ்சவர்ணம் வந்து என் காலைப் பிடிச்சா. எனக்கும் மனசு கேட்கலைதான். ஆனா நூறு பிள்ளைங்க படிக்கிற இடம்க்கா. யாராவது ஒருத்தர் கெட்ட பேரு எடுத்துத்தானே ஆகணும்? எழுந்து போறப்ப அவ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா. நல்லாயிருங்கன்னா. அந்தக் கும்பிடு எனக்கு அப்பவே சரியாப் படலை.

அதுக்கப்புறம்தான் எல்லாம் ஆரம்பிச்சுது.

தம்பி, எதுக்குடா முனகுறே? இந்தா வந்துடும். மூக்கைத் துடைச்சுக்க. சளிக்கா அவனுக்கு, ஒழுகிக்கிட்டே இருக்கு.

ஒரு நாள் இவன் ரூமைக் கூட்டப் போனேன். கட்டிலுக்கடியில பாதி வெட்டின எலுமிச்சம்பழம், காய்ஞ்சு கிடக்கு. பக்கத்துல என் சமையல்கட்டுக் கரண்டி, அடியில கரியா. உருகின மெழுகுவத்தி. வெட்டின எலுமிச்சம்பழத்தைக் கட்டிலுக்கடியில போட்டா என்ன அர்த்தம்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செய்வினை! யாருடா வெச்சதுன்னு இவனைக் கேட்டா, முழிக்கிறான். எனக்குத் தெரியாதும்மா, ஜெகன் வந்திருந்தானோ என்னமோன்னான். புரிஞ்சுபோச்சு. அந்தப் பஞ்சவர்ணம், கும்பிட்டாளே கும்பிடு!

என்னக்கா, என் மூஞ்சியை இப்படிப் பார்க்கிறீங்க? ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்காது. இருங்க, நான் சொல்லி முடிச்சிடுறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

பாலக்காட்டுப் பக்கம் செய்வினை எடுக்கிற பணிக்கர் ஒருத்தர் இருக்கார். நான் போய் உட்கார்ந்ததும், பையன் ராத்திரி தூங்குறதில்லை, பகல்ல தூங்குறான், சரிதானேன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லலையே! எலுமிச்சம்பழத்தை வெச்சுக் கட்டினதை எலுமிச்சம்பழத்தை வெச்சுத்தான் அவிழ்க்கணும்னார். மந்திரிச்ச பழம் ஒரு மண்டலத்துக்குக் குடுத்தார், தினம் ஒண்ணு பையன் கையில குடுக்கணும்னு.

முதல்ல இவன் சிரிச்சான். அப்புறம் பழத்தைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, சரிம்மா, குடுன்னான். கோயில் வாசப்படி மிதிக்காத பையன்க்கா. அவனே தினம் வந்து, அம்மா, பழம் எங்கேன்னு கையை நீட்டினான்! வாங்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்குவான். மெழுகுவத்தி ஏத்தி வெச்சுத் தனியா ஜபம் பண்ணணுமாம், யாரும் வரக்கூடாதாம். கொஞ்ச நேரத்துல அப்படியே சாந்தமாயிடுவான். முகத்துல ஒரு அமைதி. அதைப் பார்த்து நான் பூசை ரூம்ல போய் அழுதிருக்கேன், சந்தோஷத்துல.

நடுவுல அந்த ஜெகன் வந்தான். ரிப்பன் இல்லை, தலையை ஒட்ட வெட்டியிருந்தான். சைக்கிள் கடையில வேலையாம், கையெல்லாம் கிரீஸ். கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு, அத்தை, சுதாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மதுரையில அந்த டாக்டர் பார்க்கிறார், நானும் கூட வர்றேங்கிறான். என் வீட்டுல செய்வினையும் வெச்சுட்டு எனக்கு யோசனையும் சொல்றான்! கையில இருந்த வாளித் தண்ணியை அப்படியே அவன் மேல ஊத்தினேன். நனைஞ்சுக்கிட்டு நின்னு அழுதான் பாருங்க, சின்னப் பையன் மாதிரி விக்கி விக்கி. அத்தை, அவன் செத்துடுவான் அத்தைன்னான். சாபம் குடுக்கிறான்! நல்ல நாளும் அதுவுமா, வெள்ளிக்கிழமை.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இவனுக்கு முத்திடுச்சு. பணிக்கருக்கு ஆள் அனுப்பினேன். பையனை வெளிய விடாதே, கூட்டாளி எவனையும் கிட்டச் சேர்க்காதே, உள்ளே இருக்கிறது வெளியேறும், அப்புறம் கூட்டிட்டு வான்னார். ரூம்ல வெச்சுப் பூட்டினேன். அம்மாடி! என்ன கத்தல், என்ன வாந்தி! தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டான். எலும்பெல்லாம் முறுக்குதும்மா, கதவைத் திறம்மான்னு கெஞ்சினான். இந்தப் பக்கம் கதவுல சாய்ஞ்சுக்கிட்டு நானும் அழுதேன். ஆனா திறக்கலை. அது இவன் பேசலை, உள்ளே இருக்கிறது பேசுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வாரத்துல அடங்கிடுச்சு. துவண்ட துணி மாதிரி கிடந்தான். பாலக்காட்டுக்குப் போலாமாடான்னா, உடனே சரின்னான். பழனி வழியாப் போலாம்மான்னு மட்டும் கேட்டுக்கிட்டான்.

எத்தனை நாளா எதுவும் உடம்புல ஏறலைன்னு கேட்கிறீங்களே, என்னக்கா கேள்வி? சாப்பாடா? கஞ்சி குடிச்சான்.

நீங்க நம்ப மாட்டேங்கிறீங்க. தலையைத் தலையை ஆட்டுறீங்க. சரி, நீங்களே பாருங்க. பொம்மை செஞ்சு ஊசியால குத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்கல்ல? பொம்மையைக் குத்தினா ஆள் உடம்புல விழும். நான் கண்ணால பார்த்தேன், பணிக்கர்கிட்ட காட்டணும்னுதான் கூட்டிட்டே போறேன். தம்பி, கையைக் குடு. அட, ஒரு நிமிஷம் குடுடா, அக்கா பெரிய நர்ஸு. ஏண்டா உதறுறே? இங்க பாருங்க, முழங்கை மடிப்புல. புள்ளி புள்ளியா, ஊதாவாக் கன்னிப்போய்! எந்தக் கொசு இப்படிக் கடிக்கும்? பாவி, வரிசையாக் குத்தியிருக்காளே!

இப்ப நம்புறீங்களா?

என்னக்கா எழுந்திரிச்சிட்டீங்க? கண்டக்டர்கிட்டயா? எதுக்கு? உடுமலை ஆஸ்பத்திரியில எதுக்குக்கா நிறுத்தணும்? அக்கா... போயிட்டாங்க. பாரு, கூட்டத்துல இடிச்சுக்கிட்டு முன்னாடி போறாங்க. நல்ல பொம்பளைதான், என்னமோ பதட்டம்.

நின்னுடுச்சுடா, டீக்கடை வந்துடுச்சு. என்ன தம்பி? பாத்ரூமா? சரி, போயிட்டு வா.

பழமா? இப்பவா? அங்கே கொண்டு போகக் கூடாதுடா, மந்திரிச்சது. கடைசிப் பழம் இது ஒண்ணுதான் இருக்கு. சரி, சரி, கண்ணுல தண்ணி விடாதே. எனக்குத் தாங்கலை. குழாயடியில கை கால் கழுவிட்டு அப்புறம் ஜபம் பண்ணணும், என்ன? இந்தா. வலது கையில வாங்கு. எத்தனை நாளாச்சுடா நீ என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சு! போ, சீக்கிரம் வந்துடு. நான் துண்டு போட்டு வெச்சிருக்கேன்.

வந்துட்டீங்களாக்கா? கண்டக்டர் என்ன சொன்னார்? பையனா? பாத்ரூம் போயிருக்கான். ஆமா, தனியாத்தான். பையெல்லாம் இங்கதான் இருக்கு, சட்டைப் பையில விபூதியும் கையில பழமும்தான் எடுத்துட்டுப் போனான். ஏன்?

அக்கா! எங்கே ஓடுறீங்க? சேலை படியில மாட்டுது, பார்த்து! அக்கா, அது ஆம்பளைங்க பக்கம்! அங்கே ஏன் போறீங்க?

டிரைவரும் ஓடுறார். டீ கிளாஸைப் போட்டுட்டு ஓடுறார். கண்டக்டரும். யாரோ கதவைப் போட்டு இடிக்கிறாங்க. தாழ் போட்டிருக்குன்னு கத்துறாங்க. உள்ளே எவனோ மயங்கி விழுந்திருப்பான் போல. வெயிலு. ஐயோ பாவம், யார் பெத்த பிள்ளையோ.

இறங்கிப் போய்ப் பார்க்கலாம்தான். நான் எழுந்தா சீட்டு போயிடும். அவன் வந்து தேடுவான்.

ஐயா, ஐயா, அங்க உட்காராதீங்க. துண்டு போட்டிருக்கேன்ல, தெரியலையா? ஜன்னலோரம் ஆள் இருக்கு. என் பையன். கை கால் கழுவப் போயிருக்கான், இப்ப வந்துடுவான்.

எந்திரிங்கய்யா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆள் இருக்கு.